கனமான கட்டையும் அம்மாவின் பயணமும்

புதுப்பட்டினம்,
17-6-2001, ஞாயிறு.

அன்புள்ள மகள் ஹெலனுக்கும் மாப்பிள்ளை கலைவாணனுக்கும் அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் இங்கே நலம், அதாவது வெயிலில் வெந்தது போக மீதி உள்ளவரை நலம். அங்கே உன் உடம்பும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் ராத்திரி ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறோம். ஜெபத்தை அம்மா சொல்கிறாள், நான் ஆமென் சொல்கிறேன், நம் வீட்டில் எல்லா விஷயத்திலும் என் பங்கு அவ்வளவுதான் என்பது உனக்கே தெரியும்.

உன் கடிதம் மே மாதக் கடைசியில் வந்து சேர்ந்தது. பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு என் சோம்பேறித்தனம் பாதிக் காரணம், மீதிப் பாதி விறகு. ஆமாம், விறகுதான், சிரிக்காமல் முழுவதும் படி. நீ போனில் கூப்பிடும்போது இதையெல்லாம் பேசலாம் என்றால் பாதி நேரம் கேக்குதா கேக்குதா என்று கத்துவதிலும் மீதி நேரம் அம்மா மூக்கைச் சிந்துவதிலும் போய்விடுகிறது, அதனால்தான் பேனாவை எடுத்தேன். உன் கடிதத்தை வழக்கம்போல நான்தான் சத்தமாகப் படித்தேன், அம்மா மீன் ஆய்ந்துகொண்டே கேட்டாள். அமெரிக்காவில் உங்கள் வீட்டில் அறையைச் சூடாக்க வைத்திருக்கிற அந்த இரும்பு அடுப்பு குளிர்காலம் முழுக்கப் புகைந்ததையும், அதன் கண்ணாடிக் கதவு கறுத்துப் போனதையும், எவ்வளவு கட்டை திணித்தாலும் அறை சூடாகாமல் நீங்கள் இரண்டு பேரும் கம்பளிக்குள் உட்கார்ந்திருந்ததையும், கடைசியில் மசக்கையோடு புகை நாற்றமும் சேர்ந்து நீ பட்ட பாட்டையும் படித்தேன். சரி, வீட்டுக்குக் கொண்டுவந்து போட்ட விறகுதான் மட்டம் என்று இந்த மே மாதம் மாப்பிள்ளையே மரக் கிடங்குக்கு நேரில் போய் ஒவ்வொரு கட்டையாகத் தூக்கிப் பார்த்துப் பொறுக்கி வந்ததையும், பக்கத்து வீட்டு அம்மாள் அதைப் பார்த்துவிட்டு இது பச்சை மரம், வரப்போகிற குளிருக்குள் இது காயாது என்று தலையை ஆட்டியதையும், அதற்காக நீயும் மாப்பிள்ளையும் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதையும் படித்தேன். அதுவரைக்கும் அம்மா உச்சுக் கொட்டிக்கொண்டு இருந்தாள். அடுத்த வரியில் நீ என்ன எழுதியிருந்தாய், இந்தப் புகையில் அம்மாவுக்கு வீசிங் வந்துவிடும், அதனால் டிசம்பர் பிரசவத்துக்கு அம்மா வர வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று. புத்தி உள்ளவன் அந்த வரியை விழுங்கியிருப்பான். நான் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவன் மாதிரி அதையும் நிறுத்தி நிதானமாகப் படித்து முடித்துவிட்டேன். அம்மா ஆய்ந்த மீனையே எடுத்து மறுபடியும் ஆய்ந்தாள். அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை, நானும் கேட்கவில்லை.

நீ அம்மாவை வேண்டாம் என்று சொல்லவில்லை, அம்மா மூச்சுக்காகத்தான் சொன்னாய் என்று எனக்குப் புரிகிறது. அம்மாவுக்கும் புரிகிறது. ஆனாலும் தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்கு வர முடியாவிட்டால் தாய் வீடு பெண்ணிடம் போக வேண்டாமா என்று அவள் பாஸ்போர்ட் எடுத்த நாளிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவள். சிங்கப்பெருமாள் கோயிலில் இருந்து உன் மார்கரெட் சித்தி ஒரு ஸ்வெட்டரும் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறையும் வாங்கி வந்து கொடுத்திருந்தாள். பழக வேண்டும் என்று உங்கம்மா கத்திரி வெயிலில் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, காலுறையோடு மொசைக் தரையில் நடந்து, வழுக்கி, ஃபிரிட்ஜைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். சிரித்ததற்காக எனக்கு அன்றைக்கு இரண்டாவது காபி கிடைக்கவில்லை. உன் கடிதம் வந்த மறுநாள் அந்த ஸ்வெட்டரை மடித்து பீரோவின் அடித்தட்டில், பழைய கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குக் கீழே வைத்துவிட்டாள். அதைப் பார்த்ததும்தான் அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். விமானத்தில் போகலாம், குளிரையும் தாங்கலாம், மருந்து கையிலேயே இருக்கட்டும், புகை மட்டும் கண்டிப்பாக ஆகாது என்று சொல்லிவிட்டார். ஆக, அம்மா உன் பக்கத்தில் இருப்பதற்கும் இல்லாமல் போவதற்கும் நடுவில் நிற்பது உங்கள் வீட்டு விறகு ஒன்றுதான். அதனால்தான் இந்த வயதில் நான் விறகு படிக்கக் கிளம்பினேன்.

முதலில் மாப்பிள்ளை விஷயம். அவரை நீ கோபித்துக்கொண்டது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது ஹெலன். அவர் ஊரப்பாக்கத்தில் வளர்ந்த பிள்ளை, நம் பக்கத்து ஆள் யார் போயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். நம் ஊரில் விறகு எடைக்கு வாங்குவது. கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும், அப்போதுதான் நின்று எரியும். கனம் இல்லாமல் நெட்டி மாதிரி இருந்து, முனையில் வெடித்துக் கறுத்துப் போயிருந்தால் அது கறையான் தின்ற கட்டை, உள்ளே மண்தான் இருக்கும் என்று தூரப் போடுவோம். அங்கே அந்தக் கிடங்கில் இரண்டு குவியல் இருந்தது, ஒன்று சாம்பல் நிறமாக முனையெல்லாம் வெடித்துப் போன பழைய குவியல், இன்னொன்று புத்தம் புதிதாக, மழுமழுவென்று, வாசனையோடு இருந்த குவியல் என்று நீயே எழுதியிருக்கிறாய். கிடங்குக்காரர் பழைய குவியலையே காட்டிக்காட்டி என்னவோ சொன்னார், மாப்பிள்ளை இவர் நம் தலையில் உளுத்துப்போனதைக் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்துப் புதுசில் கைவைத்தார். பாவம், அவர் ஏமாந்தது ஏமாறக் கூடாது என்ற எச்சரிக்கையால். இதற்கு ஒரு மனிதனை எத்தனை நாள் பட்டினி போடுவாய், பேச்சுப் பட்டினியைச் சொல்கிறேன்.

நான் இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் நானும் அதையே செய்தேன் என்பதுதான். சதுரங்கப்பட்டினம் போகிற ரோட்டில் வேண்டா அம்மாளின் விறகுத் தொட்டி இருக்கிறதே, கல்யாண வீட்டுக்கும் டீக்கடைக்கும் சவுக்கு விறகு போடுகிற இடம், அங்கே சைக்கிளில் போனேன். காஸ் வந்த பிறகு நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததே இல்லை. என்னைப் பார்த்ததும் வேண்டா, “இன்னா அண்ணாத்த, காஸ்காரன் கைவுட்டுட்டானா, இல்ல அக்கா வூட்ட வுட்டுத் தொரத்திச்சா?” என்றாள். அமெரிக்காவில் இருக்கிற மகளுக்காக விறகு பார்க்க வந்தேன் என்று சொன்னேன், இப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுதான். “அமெரிக்காவுக்கு சவுக்குக் கட்டையா? பிளேன்ல ஏத்துவானா அண்ணாத்த, இல்ல நீயே தல மேல வெச்சினு போவியா?” என்று கேட்டாள், எடை போடுகிறவன் சிரிப்பை அடக்க முடியாமல் படிக்கல்லைக் கீழே வைத்துவிட்டான். அந்த வெட்கத்திலே நான் சும்மா நிற்காமல், விஷயம் தெரிந்தவன் மாதிரி ஒவ்வொரு கட்டையாகக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்து, கனமானதாகப் பார்த்து எடுத்துத் தராசில் அடுக்கினேன். உன் கடிதத்தைப் படித்தவன்தான், பச்சை மரம் ஆகாது என்று தெரிந்தவன்தான், ஆனால் கை சும்மா இருந்தால்தானே. கனமான கட்டை கையில் வந்ததும் மனசுக்கு ஒரு திருப்தி வருகிறது பார், அதை என்ன செய்வது. வேண்டா ஒரு வார்த்தை சொல்லாமல் எடை போட்டு சைக்கிள் கேரியரில் கட்டிவிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் கொல்லையில் வெந்நீர் அடுப்பை மூட்டினேன். மூட்டினேன் என்று சொல்வது மரியாதைக்கு. காகிதம் எரிந்தது, தென்னை மட்டை எரிந்தது, நான் ஊற்றிய மண்ணெண்ணெய் எரிந்தது, கட்டை மட்டும் எரியவில்லை. முனையில் நுரை தள்ளிக்கொண்டு உஸ் உஸ் என்று சீறியது, புகை மட்டும் தாராளமாக வந்தது. ஊதி ஊதி எனக்குக் கண் சிவந்து, பக்கத்து வீட்டு சகுந்தலா டீச்சர் மாடியில் காயப்போட்ட துணியைப் பிடுங்கிக்கொண்டே, “இன்னா சார், ரிட்டயர் ஆனவுடனே கொசு ஒழிப்புல எறங்கிட்டீங்களா?” என்று கேட்டார்கள். உங்கம்மா வாசல் பக்கம் பூக்கட்டிக்கொண்டு இருந்தவள், காற்று திரும்பியதும் இருமினாள். ஐந்தாறு இருமலுக்குப் பிறகு அந்த விசில் சத்தம் நெஞ்சில் கேட்க ஆரம்பித்தது, உனக்குத் தெரியுமே அந்தச் சத்தம். ஓடிப்போய் வாளித் தண்ணீரை அடுப்பில் கொட்டினேன், அது இன்னும் புகைந்தது. மருந்தை இழுக்கவைத்து விசிறிவிட்டு உட்காரவைத்தேன். மூச்சு சீரானதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, “ஸ்டோர்ல இத்தினி வருசம் மூட்ட எண்ணினு இருந்த ஆளுக்கு, ஒரு வெறகு பொறுக்கத் தெர்ல, இதுல மாப்பிள்ளைக்கு வேற வக்காலத்து” என்பது. ஹெலன், கதவெல்லாம் மூடின வீட்டில், வெளியே பனி கொட்டுகிற ராத்திரியில், நீ நிறைமாதமாக இருக்கும்போது இவளுக்கு இப்படி ஆனால் யார் யாரைப் பார்ப்பது என்று நினைத்துப் பார்த்தேன். நீ எழுதியது சரிதான், வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றுகூட அன்றைக்கு நினைத்தேன், பொய் சொல்வானேன்.

மறுநாள் பொறுக்காமல் வேண்டாவிடமே போய் நியாயம் கேட்டேன். “பச்சக் கட்டைய என் தலையில கட்டிட்டியேம்மா” என்றேன். “நானா கட்டினேன்? நீதான சாமி தூக்கித் தூக்கிப் பாத்து எட்த்த, நான் வாயத் தொறந்தேனா? போன வாரம் வெட்டின மரம் அது, பாதி தண்ணி. நீ தண்ணிக்கும் சேத்து எட போட்டுனு போற, எனக்கு இன்னா கசக்குமா?” என்றாள். அதற்குப் பிறகுதான் கொட்டகைக்குப் பின்னால் போன வருஷத்துக் கட்டை கிடப்பதைக் காட்டினாள். எடையில் அடிபடும் என்று அவளே அதைப் பின்னால் போட்டு வைத்திருக்கிறாள். சாம்பல் பூத்து, பட்டை உரிந்து, முனையில் நட்சத்திரம் மாதிரி வெடித்து, கையில் எடுத்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. கறையானா என்று பிளந்து காட்டச் சொன்னேன், உள்ளே கெட்டியாக, நிறம் மாறாமல் நன்றாகத்தான் இருந்தது. கனம் குறைந்தது மரம் போனதால் இல்லை, தண்ணீர் போனதால். உளுத்த கட்டை என்றால் நகத்தால் கீறினாலே பொடியாக உதிரும், காய்ந்த கட்டையில் நகம்தான் உடையும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல்தான் மாப்பிள்ளையும் மாமனாரும் கடலுக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் நின்றுகொண்டு ஒரே தப்பைச் செய்திருக்கிறோம்.

எனக்கு எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். ஒரு பச்சைக் கட்டையை எடுத்துக்கொண்டு கறிக்கடை பாயிடம் போய் எடை போடச் சொன்னேன். “இன்னா மாமு, எந்த ஆட்டுத் தொட இது?” என்றார். எடையை மனசில் வைத்துக்கொண்டு, கட்டையை நான்காகப் பிளந்து மொட்டைமாடியில் செங்கல் மேல் காற்றாட வைத்தேன். பிளக்காத கட்டை ஒன்றையும் பக்கத்தில் போட்டேன். இரண்டு வார வெயிலுக்குப் பிறகு நேற்று திரும்ப எடுத்துக்கொண்டு போனேன். பிளந்தது கால்வாசிக்கு மேல் எடை குறைந்திருந்தது, பிளக்காமல் கிடந்தது அப்படியே பாறாங்கல் மாதிரி இருந்தது. பட்டைக்குள் இருக்கிற தண்ணீர் பட்டை வழியாக வராது போலிருக்கிறது, பிளந்து காட்டினால்தான் காற்று எடுத்துக்கொள்கிறது. பாய் தலையைச் சொறிந்துகொண்டு, “மாமு, தொடையில தண்ணி ஏத்தி விக்கிறான்னு என்னச் சொல்றாங்க, உன் மரமே அப்டிதான் கீது” என்றார். நம் வெயிலில் இரண்டு வாரத்தில் ஆவது உங்கள் ஊரில் ஒரு கோடை முழுக்க ஆகும். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன், ஆகஸ்ட் வந்துவிட்டால் நான் எழுதியும் பிரயோசனம் இல்லை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், மாப்பிள்ளையையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் படி. அதே கிடங்குக்கு மறுபடியும் போங்கள். முகத்தைத் தொங்கப்போட வேண்டாம், தெரியாமல் எடுத்துவிட்டோம், அந்தப் பழைய குவியலில் இருந்து வேண்டும் என்று கேளுங்கள், கேட்கிற வாய் எங்கேயும் கெட்டுப்போகாது. இருக்கிறதிலேயே அசிங்கமான கட்டையாகப் பார்த்துப் பொறுக்குங்கள், மினுமினுப்பாகச் சிரிக்கிற கட்டையை நம்பாதீர்கள். ஒரே மரத்தில் ஒரே அளவில் இரண்டு கட்டையை இரண்டு கையிலும் எடுத்தால் லேசானதுதான் உங்களுடையது. ஓக் மரம்தான் உயர்ந்தது என்று மாப்பிள்ளை படித்ததாக எழுதியிருக்கிறாய், உயர்ந்ததுதான், ஆனால் அது காய இரண்டு வருஷம் ஆகும் என்று பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னதாகவும் அதே கடிதத்தில்தான் இருக்கிறது. மட்டமான மரமாக இருந்தாலும் காய்ந்தது, உயர்ந்த ஈர மரத்தைவிட மேல் என்று இந்தக் கொல்லை அடுப்பில் நான் கற்றுக்கொண்டேன். அந்த அம்மாள் ஆஷ் என்று ஒரு மரம் சொன்னாளே, வெட்டும்போதே ஈரம் குறைச்சல் என்று, காய்ந்த குவியல் போதாவிட்டால் அதை வாங்கி இந்த மாதமே பிளந்து அடுக்குங்கள். பைன் மரம் சட்டென்று பற்றிக்கொள்கிறது என்றால் மூட்டுவதற்குச் சிராயாக வைத்துக்கொள்ளுங்கள், அதை நம்பி ராத்திரி தூங்க முடியாது. அடுக்கும்போது தரையில் போடாமல் இரண்டு நீளக் கட்டையைப் போட்டு அதன்மேல் அடுக்க வேண்டும், வெயிலும் காற்றும் அடிக்கிற பக்கமாக. மழைக்குத் தலைமேல் மட்டும் தகரமோ தார்ப்பாயோ போடு, பக்கத்தை மூடாதே. நம் ஆட்கள் அக்கறை அதிகமாகிவிட்டால் எல்லாவற்றையும் போர்த்திக் கட்டிவிடுவோம், மூடினால் வேர்த்து வேர்த்துப் பூசணம்தான் பிடிக்கும்.

மாப்பிள்ளை பொறுக்கி வாங்கிய அந்தக் கனமான கட்டையை என்ன செய்வது என்று நீ சண்டை போட்டிருப்பாய், திருப்பிக் கொடு என்றிருப்பாய். கொடுக்க வேண்டாம். அது நல்ல மரம், அவசரம்தான் கெடுதல். பிளந்து தனியாக ஓரமாக அடுக்கி, இந்த வருஷம் யாரும் தொடக்கூடாது என்று வைத்துவிடுங்கள். அடுத்த வருஷக் குளிருக்கு அது தயாராக இருக்கும், ஓக் இருந்தால் அதற்கும் அடுத்த வருஷத்துக்கு. உன் பிள்ளை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற குளிர்காலத்துக்கு அதன் அப்பன் இப்போதே விறகு வாங்கிப் போட்டிருக்கிறான் என்று வைத்துக்கொள். நான் உனக்கு அப்படி முன்கூட்டி எதையும் வாங்கி வைத்ததில்லை, பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான் குடை வாங்குவேன். இதை முதலில் நீ உன் வாயால் மாப்பிள்ளையிடம் சொல்லிப் பேச்சை ஆரம்பி. கோடாலி பிடிக்கிறது அவர் வேலை, வயிற்றுப் பிள்ளையோடு நீ ஒரு கட்டையும் தூக்கக் கூடாது, அடுக்குவதைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குறை மட்டும் சொல், அது உனக்கு உங்கம்மா வழியாக நன்றாகவே வரும்.

அடுப்பைப் பற்றியும் ஒன்று. ராத்திரி முழுக்க நிற்கட்டும் என்று நிறையக் கட்டையைத் திணித்துக் காற்று வருகிற வழியை மூடிவிடுகிறோம் என்று எழுதியிருக்கிறாய். மூச்சை அடைத்தால் நெருப்பு என்ன செய்யும், அதுவும் உங்கம்மா மாதிரிதான், விசிலடிக்கும். காய்ந்த கட்டையைக் கொஞ்சமாக வைத்து, வழியைத் திறந்து, கொழுந்துவிட்டு எரியவிட்டால் இரும்பு நன்றாகச் சூடேறி அந்தச் சூடு நெடுநேரம் நிற்கும். கண்ணாடி கறுக்காமல் இருந்தால் நெருப்பு சரியாக எரிகிறது என்று அர்த்தம். போன குளிரில் இத்தனை புகை போன குழாயில் தார் மாதிரி ஒட்டியிருக்கும், அது தீப்பிடித்தால் வீடே போகும் என்கிறார்கள், குளிருக்கு முன்னால் ஆள் வைத்து சுத்தம் செய்தே ஆக வேண்டும், இதில் சிக்கனம் பார்க்காதே. அப்புறம் பிள்ளைக்குக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போட வேண்டும் என்று அம்மா ஒரு பொட்டலத்தை இப்போதே எடுத்து ஒளித்து வைத்திருக்கிறாள், நான் பார்த்துவிட்டேன். நம் வீட்டில் கதவுச் சந்திலும் ஜன்னல் சந்திலும் காற்று ஓடும், அங்கே எல்லாம் இறுக மூடின வீடு, தணலை அறைக்குள் எடுத்துப் போவதே ஆபத்து. பொட்டலம் வந்தால் வரட்டும், பற்றவைக்க விடாதே. நான் சொன்னதாகச் சொல்லாதே.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றும் பெரிதாக இல்லை. உன் மாமனார் மாமியார் போன ஞாயிறு ஊரப்பாக்கத்தில் இருந்து வந்து போனார்கள், நீங்கள் பேசாமல் இருக்கிற விஷயத்தைப் பற்றி நாங்கள் மூச்சுவிடவில்லை, கோழிக்குழம்பு மட்டும் போட்டு அனுப்பினோம். கோயில் கூரைக்குப் புதுத் தகடு போட்டிருக்கிறார்கள், மழை பெய்தால் பிரசங்கம் காதில் விழாது, சிலருக்கு சந்தோஷம். வேடந்தாங்கலில் ஏரி வற்றிக் கிடக்கிறது. குளிருக்குப் பயந்து அத்தனை தூரம் பறந்து இங்கே வருகிற பறவைக்கு இருக்கிற புத்திகூட என் மகளுக்கு இல்லையே, இவள் இங்கிருந்து குளிருக்கு எதிரே பறந்து போயிருக்கிறாளே என்று நேற்று சொன்னேன். “பறவைக்கு எச்1 விசா இல்ல” என்றாள் அம்மா. அவள் ஜோக் அடித்தால் மனசு தெளிந்திருக்கிறது என்று அர்த்தம், அது எப்படித் தெளிந்தது என்று சொல்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் வேண்டாவிடம் வாங்கி வந்த பழைய கட்டையைக் கொல்லை அடுப்பில் வைத்தேன். ஒரே தீக்குச்சி, காகிதம் கொஞ்சம், அவ்வளவுதான், படபடவென்று பிடித்துக்கொண்டது. புகை என்று பார்த்தால் முதல் ஐந்து நிமிஷம் ஒரு நூல் போனது, பிறகு அதுவும் இல்லை, சூடு மட்டும் முகத்தில் அடித்தது. அம்மா நிலைப்படியில் நின்று பார்த்தாள். நான் கிட்டே வராதே என்றேன். கேட்கவில்லை, முந்தானையைக்கூட மூக்கில் வைக்காமல் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அடுப்பு ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். ராத்திரிச் சமையல் முழுக்க அங்கேயே ஆனது, நான் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நின்றேன், அது தேவைப்படவில்லை. இறக்கிவைத்த பிறகு மிச்சக் கட்டையை அடுக்கும்போது இரண்டு கட்டை ஒன்றோடு ஒன்று மோதி மணி மாதிரி கணீரென்று சத்தம் கேட்டது. அம்மா நின்று, பச்சைக் கட்டை இரண்டை எடுத்துத் தட்டிப் பார்த்தாள், தலையணையைத் தட்டின மாதிரி தொப்பென்றது. மறுபடி இதை, மறுபடி அதை என்று சின்னப் பிள்ளை மாதிரி தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள், “நவம்பர் மாசம் ஹெலன போன்ல கட்டையத் தட்டச் சொல்லுங்க. நான் காதால கேட்டுக்கறேன்.”

அப்படியே செய். நவம்பர் முதல் ஞாயிறு, கோயில் முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்திருப்போம். போன் கார்டில் கூப்பிடு, அடுக்கின குவியலில் நடுவில் இருந்து இரண்டு கட்டையை மாப்பிள்ளை எடுத்துவந்து போன் பக்கத்தில் தட்டட்டும். ஹலோ, சாப்பிட்டியா எல்லாம் அப்புறம். ரிசீவரை அம்மாதான் பிடித்திருப்பாள். கணீரென்று கேட்டால் அன்றைக்கே டிக்கெட் போடச் சொல்வேன், தொப்பென்று கேட்டால் வேண்டாம் என்று நிறுத்திவிடுவேன், டாக்டர் சொன்னது எனக்கு விளையாட்டு இல்லை, இப்படித்தான் நான் நேற்று ராத்திரி படுக்கும்போது அவளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். வீட்டுத் தலைவன் மாதிரிதான் சொன்னேன். அவள் திரும்பிப் படுத்துக்கொண்டு, “தொப்புன்னு கேட்டாலும் நான் போவேன். எம் பொண்ணு வலியில கத்தும்போது நான் இங்க இன்னா காத்து வாங்கினு இருப்பேனா” என்றாள். காலையில் எழுந்து பார்த்தால் ஸ்வெட்டர் பீரோவில் இல்லை, பெட்டிக்குள் இருக்கிறது. அவளை நிறுத்துகிற சக்தி எனக்கு இல்லை என்பது கல்யாணம் ஆன வருஷமே தெரிந்துவிட்டது, இனிமேலா வரப்போகிறது. அவள் எப்படியும் வருவாள் ஹெலன். என் கையில் ஒன்றும் இல்லை, எல்லாம் உங்கள் இரண்டு பேர் கையிலும் அந்தக் குவியலிலும்தான் இருக்கிறது. அவள் வந்து இறங்கும்போது அந்த வீட்டில் சூடு இருக்க வேண்டும், புகை இருக்கக் கூடாது. இதற்கு மேல் ஒரு மனுஷன் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆண்டவர் உன்னையும் மாப்பிள்ளையையும் வரப்போகிற குழந்தையையும் தம்முடைய சிறகுக்குள் வைத்துக் காப்பாராக. நேரத்துக்குச் சாப்பிடு, மாத்திரையை மறக்காதே, மாப்பிள்ளையோடு இன்றைக்கே பேசு. இந்த வாரமே கிடங்குக்குப் போய்விட்டு, கட்டை எப்படி இருக்கிறது, முனை வெடித்திருக்கிறதா, கையில் லேசாக இருக்கிறதா என்று இரண்டு வரி எழுதிப் போடு.

உன் அம்மா ரெபேக்காள் பக்கத்தில் உட்கார்ந்து முத்தம் சொல்லச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
எப்போதும் உன் சுகம் நாடும் அப்பா,
ஆபிரகாம்.